குழந்தைப் பணத்துக்கு நிபந்தனை வேண்டுமா, வேண்டாமா?

ஆடிக்கூழ் (சாட்ஸ்வொர்த்)

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு கோவிலில் கூழ் ஊற்றி முடித்து அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு சண்டை வந்தது. பெரிய சண்டை இல்லை, வாய்ச்சண்டைதான். எங்கள் தெருவில் ஓர் ஆயா இரண்டு பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார். மகள் இறந்து எட்டு மாதம் ஆகிறது, மருமகன் எங்கே என்றே தெரியவில்லை. பிள்ளைகளுக்குச் சாசாவில் (தென்னாப்பிரிக்க அரசின் உதவிப்பண அலுவலகம்) குழந்தைப் பணம் எழுதிப்போட உதவலாமா என்று நான் கேட்டேன். பக்கத்தில் இருந்த அங்கிள் ஒருவர், "எழுதிப்போடு, ஆனா இந்த நாட்டுல சும்மா தூக்கிக் குடுக்கறான். பிரேசில்ல பிள்ளை பள்ளிக்கூடம் போகலன்னா பணத்தை நிறுத்திடுவான். அப்படி இருந்தாதான் வறுமை ஒழியும்" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே பிள்ளைக்கு மாதம் 560 ராண்ட் (2025 ஏப்ரல் கணக்கு). நிபந்தனை போட்டால் இன்னும் நல்லது நடக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி (பீனிக்ஸ்)

அங்கிள் சொன்னது சரிதான். நான் கடை வைத்திருக்கிறேன், பணம் விழுகிற நாளில் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் மாவு, எண்ணெய், சர்க்கரை, பால் பவுடர் என்றுதான் வாங்குகிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நேராக மதுக்கடைக்குப் போகிறவனையும் பார்க்கிறேன். சிகரெட்டும் போனுக்கு ஏர்டைமும் வாங்கிக்கொண்டு போகிற தாயையும் பார்க்கிறேன். அவள் பிள்ளை காலை பத்து மணிக்கு என் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. ரொட்டி விற்றாலும் பதினைந்து சதவீதம் வாட் கட்டுகிற ஆள் நான். என் பணத்துக்கு ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

ரயிலடி (மெரிபேங்க்)

அண்ணே, பழுப்பு ரொட்டிக்கு வாட் கிடையாது 😄

கல்லாப்பெட்டி (பீனிக்ஸ்)

வெள்ளை ரொட்டிக்கு உண்டு தம்பி. பேச்சை மாற்றாதே.

கோப்புக்கட்டு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நான் சமூகநலத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நிபந்தனை இல்லாமல்தான் இந்த நாடு ஆரம்பித்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தவறு, முதலில் நிபந்தனை இருந்தது.

1998 ஏப்ரலில் குழந்தைப் பணம் தொடங்கியபோது தொகை 100 ராண்ட், அதுவும் ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும். விண்ணப்பிக்கும்போது தடுப்பூசி அட்டை காட்ட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான், பணமும் கிடைக்கும், தடுப்பூசியும் போட்டுவிடுவார்கள். ஆனால் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? நகரத்து ஓரத்தில் இருந்தவளிடம் அட்டை இருந்தது. கிளினிக்குக்கு இரண்டு டாக்சி வேன் மாறிப் போக வேண்டிய மலைக்கிராமத்துக்காரியிடம் அட்டை இல்லை. போன மாதம் போனேன், மருந்து வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பாள். இரண்டு பேரில் யாருக்குப் பணம் அதிகம் தேவை? நான் அவளைத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அப்போது எழுதிய குறிப்புகள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஏற்கெனவே அரசாங்கம் எட்டாத பிள்ளையை இரண்டாவது தடவையும் தண்டிக்கிற வேலையாகத்தான் அது முடிந்தது. அது புரிந்துதான் அந்த விதியை எடுத்தார்கள். பிறகு வயது வரம்பு படிப்படியாக ஏறி இப்போது பதினெட்டு வரை வந்திருக்கிறது. 2010இல் பள்ளிக்கூட விதி ஒன்று கொண்டுவந்தார்கள். பிள்ளை பள்ளியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும், ஆனால் போகவில்லை என்றால் பணம் நிற்காது. ஏன் போகவில்லை என்று பார்க்க சமூகப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும். வருகிறார்களா என்று கேட்காதீர்கள். ஒரு ஆளுக்கு எத்தனை கோப்பு என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் வீட்டுக் கதை. இதற்கு முன்னால் பராமரிப்பு மானியம் என்று ஒன்று இருந்தது. புருஷன் இல்லாத தாய்க்குத் தனியாகவும் பிள்ளைக்குத் தனியாகவும் பணம் வரும். நிறவெறி ஆட்சியில் அது பெரும்பாலும் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் வீடுகளுக்குத்தான் போனது. பெரும்பான்மைக் கறுப்பினத் தாய்மாருக்கு ஏறக்குறைய கிடைக்கவே இல்லை. 1996இல் பேராசிரியர் பிரான்சி லண்ட் தலைமையிலான குழு, இருக்கிற பணத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் பகிர வேண்டும், பணம் தாயின் திருமண நிலையைப் பார்த்து வராமல் பிள்ளையைப் பின்தொடர்ந்து போக வேண்டும் என்று சொன்னது. பிள்ளை ஆயாவிடம் இருந்தால் பணமும் ஆயாவிடம். நியாயம்தான். ஆனால் அந்தப் பழைய மானியம் நின்றபோது சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது என்பதையும் பார்த்தவள் நான். என் சொந்தச் சித்தி வீடு அதில் ஒன்று.

ஆடிக்கூழ் (சாட்ஸ்வொர்த்)

நன்றி அக்கா. இந்தத் தடுப்பூசி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

புதுவரவு (ஜொகன்னஸ்பர்க்)

நான் மதுரைக்காரன், வேலைக்காக இங்கே வந்து மூன்று வருடம். நடுவில் புகுந்து பேசுவதற்கு மன்னிக்கவும்.

ஊரில் நிபந்தனையோடு பணம் கொடுக்கிற திட்டங்கள் நன்றாகவே ஓடுகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 18,000 ரூபாய், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகத் தவணை தவணையாக வரும். கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிவு செய்ய வேண்டும், அரசு மருத்துவமனையில் பிரசவம், அப்புறம் குழந்தைக்குத் தடுப்பூசி. என் அக்காவுக்குக் கிடைத்தது. கிராமச் செவிலியர் வீட்டு வாசலில் வந்து நின்று, "அடுத்த ஊசி எப்போ?" என்று கேட்பார். 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டமும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். நிபந்தனை என்றாலே கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

கோப்புக்கட்டு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள். செவிலியர் வாசலுக்கு வந்தார் என்றீர்களே, அதுதான் விஷயம். அங்கே நிபந்தனையின் பாதியை அரசாங்கமே தூக்கிக்கொண்டு நடக்கிறது. எங்கள் மலைக்கிராமத்தில் முழுப்பாரமும் தாயின் தலையில்.

கரும்புக்காடு (டோங்காட்)

நல்ல இடத்துக்குப் பேச்சு வந்திருக்கிறது. நான் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிபந்தனைப் பணத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டிய நாடுகளில் மெக்சிகோ முக்கியமானது. 1997இல் புரோக்ரெசா என்ற பெயரில் தொடங்கினார்கள். அதற்கு முன் அங்கே சோளரொட்டிக்கும் பாலுக்கும் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பெரும்பகுதி நகரத்துக்காரர்களுக்குத்தான் போனது, கிராமத்து ஏழைக்கு எட்டவில்லை. அதனால் நேரே தாயின் கையில் பணம், பதிலுக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், குடும்பம் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று மாற்றினார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனம் இன்னொன்று. 506 கிராமங்களை எடுத்து, சீட்டுக்குலுக்கல் மாதிரி பிரித்து 320 கிராமங்களில் முதலில் தொடங்கி, மற்ற கிராமங்களில் பிறகு தொடங்கினார்கள். அதனால் திட்டம் வேலை செய்ததா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

என்ன தெரிந்தது? உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை ஏறியது, பெண்பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக. அந்த வயதில் பெண்பிள்ளைக்குத் தொகையே கூடுதலாக வைத்திருந்தார்கள். ஆனால் தொடக்கப் பள்ளியில் பெரிய மாற்றம் இல்லை. ஏனென்றால் தொடக்கப் பள்ளிக்கு ஏற்கெனவே ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் போய்க்கொண்டிருந்தார்கள்!

இதை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். இங்கே ஏழு முதல் பதினைந்து வயது வரை ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில்தான் இருக்கிறார்கள். கல்லாப்பெட்டி அண்ணன் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை உண்டு, மறுக்கவில்லை, ஆனால் அது விதிவிலக்கு. நம் நோய் வேறு. 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புச் சோதனையில் நம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் படித்ததன் பொருளைப் புரிந்துகொள்ள முடியவில்லை. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது, படிக்க வரவில்லை. வருகைப் பதிவேட்டுக்குப் பணம் கொடுத்தால் வருகைப் பதிவேடுதான் நிறையும்.

பிரேசில் விஷயத்தில் அங்கிள் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறார். 2003இல் அதிபர் லூலா ஆட்சியில் வந்த போல்சா ஃபமீலியா என்ற குடும்ப உதவிப்பணத் திட்டத்தில் வருகை விதி உண்டு. ஆனால் ஒரு மாதம் குறைந்தால் உடனே வெட்டுவது கிடையாது. முதலில் எச்சரிக்கை, பிறகு பணத்தைக் கொஞ்ச நாள் பிடித்து வைப்பது, இப்படிப் படிப்படியாகப் போய்க் கடைசியில்தான் நீக்கம். இந்த வீட்டில் என்னவோ தப்பு நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று ஊராட்சிக்கு மணியடிக்கிற கருவியாகத்தான் அந்த விதியைப் பயன்படுத்தினார்கள். அக்கா சொன்ன நம் 2010 விதியும் அதே எண்ணத்தில் எழுதியதுதான். மணி அடிக்கிறது, கேட்க ஆள் இல்லை.

கல்லாப்பெட்டி (பீனிக்ஸ்)

சார், நீங்கள் உங்களுக்கு வசதியான ஆராய்ச்சியை மட்டும் எடுத்துச் சொல்கிற மாதிரி இருக்கிறது. நிபந்தனை போட்டதையும் போடாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்தார்களா?

கரும்புக்காடு (டோங்காட்)

பார்த்தார்கள், அதுவும் நம் கண்டத்திலேயே. மலாவியில் சொம்பா மாவட்டத்தில், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளில் ஒரு பிரிவுக்குப் பள்ளி வருகை நிபந்தனையோடு பணம், இன்னொரு பிரிவுக்குச் சும்மா பணம். பள்ளியில் நிற்பதில் நிபந்தனைப் பிரிவு முன்னால் வந்தது. இதில் அண்ணன் பக்கம்தான் ஜெயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிப்பை விட்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் கதை திரும்புகிறது. சும்மா பணம் வாங்கிய பிரிவில் சிறுவயதுக் கல்யாணமும் கர்ப்பமும் குறைந்தன. நிபந்தனைப் பிரிவில் படிப்பை விட்டவளுக்குப் பணமும் நின்றது. கையில் காசில்லாத பெண்ணைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

மொராக்கோவில் இன்னும் வேடிக்கை. அங்கே ஒரு பிரிவுக்கு வருகைக் கணக்கோடு பணம். இன்னொரு பிரிவுக்குக் கணக்கு எதுவும் கிடையாது, "இது பிள்ளையின் படிப்புக்கான பணம்" என்று பெயர் மட்டும் வைத்துப் பள்ளிக்கூடத்திலேயே பதிவு செய்யவைத்துக் கொடுத்தார்கள். இரண்டிலும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி பள்ளிக்குப் போனார்கள். காவல்காரன் செய்கிற வேலையைப் பெயரே செய்துவிட்டது. நாம் இதைச் "சாசா காசு" என்று சொல்வதற்கும் "குழந்தைப் பணம்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அவரைப்பந்தல் (இசிபிங்கோ)

எனக்கு ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. நான் அந்தப் பணம் வாங்கினவள், அதனால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு இரண்டு வயதில் அவன் அப்பா போய்விட்டார். தையல் வேலை, வாரக்கூலி. குழந்தைப் பணம் பெரிய பணம் இல்லை, அதில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் அது மாதா மாதம் ஒரே தேதியில் வந்தது. என் வாழ்க்கையில் தேதி தவறாமல் வந்த ஒரே விஷயம் அதுதான். அந்தத் தேதியை நம்பித்தான் நான் சீட்டில் சேர்ந்தேன். இங்கே ஸ்டாக்வெல் என்பார்களே, அதுதான். எட்டுப் பெண்கள், நாலு பேர் சூலு இனத்தவர்கள், நாலு பேர் நம்மவர்கள். என் முறை வந்தபோது ஓவர்லாக் தையல் இயந்திரம் வாங்கினேன், செகண்ட்ஹேண்ட். அதற்கப்புறம் கூலிக்குப் போகவில்லை.

கல்லாப்பெட்டி அண்ணே, நானும் ஏர்டைம் வாங்கியிருக்கிறேன். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் போனில்தானே கூப்பிடுவார்கள்?

கல்லாப்பெட்டி (பீனிக்ஸ்)

தங்கச்சி, உன்னைச் சொல்லவில்லை. ஏர்டைம் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, விட்டுவிடு.

ஆனால் ஒன்றை மட்டும் விடமாட்டேன். வரி கட்டுகிறவனுக்கு ஒரு சமாதானம் வேண்டும். பிரேசிலில் இத்தனை வருடம் அந்தத் திட்டம் நிலைத்து நின்றதற்கு, பதிலுக்கு அவர்களும் எதையோ செய்கிறார்கள் என்று ஜனங்கள் நம்பினதும் ஒரு காரணம்தானே? இங்கே ஒவ்வொரு பட்ஜெட்டிலும், பிள்ளை பெற்றுக்கொள்வதே பணத்துக்காகத்தான் என்று எவனாவது ஆரம்பிக்கிறான். அவன் வாயை எதை வைத்து அடைப்பது?

கோப்புக்கட்டு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அந்தப் பேச்சு 1998இலிருந்து கேட்கிறேன். குழந்தைப் பணம் வருவதற்கு வெகு முன்னாலேயே இந்த நாட்டில் பிறப்பு விகிதம் இறங்கத் தொடங்கிவிட்டது, பணம் வந்த பிறகும் ஏறவில்லை. பதின்வயதுத் தாய்மார் இந்தப் பணத்துக்கு எழுதிப்போடுவதே குறைவு, சிலருடைய பிள்ளைக்குப் பாட்டிதான் வாங்குகிறாள். 560 ராண்டுக்குப் பிள்ளை பெறுகிறவளுக்குக் கணக்கு வராது என்றுதான் அர்த்தம். ஒரு ஆள் பசியாறச் சாப்பிட மட்டும் மாதம் 796 ராண்ட் வேண்டும் என்பது 2024இல் அரசாங்கப் புள்ளியியல் துறையே போட்ட உணவு வறுமைக்கோடு.

கரும்புக்காடு (டோங்காட்)

அண்ணனின் அரசியல் வாதம் வலுவானது, அதைத் தள்ள முடியாது. நிபந்தனை வாங்குகிறவளுக்காக இருப்பதைவிடக் கொடுக்கிறவனின் மனசுக்காக இருக்கிறது என்று நானே வகுப்பில் சொல்வதுண்டு. என் கேள்வி அந்த மன ஆறுதலின் விலையை யார் கட்டுவது என்பதுதான்.

நிபந்தனை இல்லாமலேயே இங்கே என்ன நடந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2012இல் வந்த மதிப்பீட்டில், பிறந்ததிலிருந்தே பணம் கிடைத்த பிள்ளைகள், ஆறு வயதில்தான் கிடைக்கத் தொடங்கிய பிள்ளைகளைவிடப் படிப்பில் முன்னால் இருந்தார்கள். தொகை மாறவில்லை, சீக்கிரம் வந்ததுதான் வித்தியாசம். முதல் இரண்டு மூன்று வயதில் வயிற்றுக்குப் போனது பத்தாம் வயதில் பாடத்தில் தெரிகிறது. முதியோர் பென்ஷனைப் பற்றிப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ செய்த ஆய்வும் இந்த நாட்டுக் குடும்பங்களைப் பற்றியதுதான். பென்ஷன் பாட்டி கையில் வந்த வீட்டில் பேத்திகளின் உடல் எடை தேறியிருந்தது. தாத்தா கையில் வந்த வீட்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. தாத்தாக்கள் கோபிக்க வேண்டாம், நானும் தாத்தாதான்.

ரயிலடி (மெரிபேங்க்)

இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் ஆயா சிரித்துக்கொண்டே இருக்கிறார். தாத்தா டிவியை நிறுத்தவே இல்லை.

அவரைப்பந்தல் (இசிபிங்கோ)

இங்கே நிபந்தனை இல்லை என்று எல்லாரும் சொல்கிறீர்கள். கவுன்டரில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, வருமானத்துக்குக் காகிதம், முகவரிக்குக் காகிதம். இதுவும் நிபந்தனைதானே? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் என் தம்பி வீட்டில் சுவரோடு சேர்ந்து எல்லாக் காகிதமும் போனது. பிள்ளைக்கு மறுபடி பிறப்புச் சான்று வாங்க ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தார்கள். ஒரு நாள் சிஸ்டம் ஆஃப்லைன், ஒரு நாள் அந்த ஆள் லீவு. டாக்சிக் காசு மட்டும் ஒரு மாதத்துக் குழந்தைப் பணத்தைத் தாண்டிவிட்டது. பணம் எடுக்கிற அட்டை கைக்கு வந்த பிறகு அதை அடகு பிடித்துக்கொள்கிற மஷோனிசா (வட்டிக்காரன்) வேறு தெருமுனையில் உட்கார்ந்திருக்கிறான். ரகசிய எண்ணோடு அட்டையை அவனிடம் கொடுத்துவிட்டால் பணம் விழுகிற அன்று அவன்தான் முதலில் போய் எடுப்பான்.

ஆடிக்கூழ் (சாட்ஸ்வொர்த்)

தங்கச்சி, நீங்கள் சொன்னதுதான் எங்கள் ஆயாவுக்கும் நடந்திருக்கிறது. நேற்று போய் விசாரித்தேன். பெரிய பிள்ளைக்குப் பிறப்புச் சான்று இருக்கிறது. சின்னதுக்கு இல்லை, மகள் பதிவே செய்யவில்லையாம். ஒரு தடவை போனபோது, சான்று இல்லாமல் வராதீர்கள் என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்களாம். அதோடு விட்டுவிட்டார். எட்டு மாதம்! பள்ளிக்கூடத்திலிருந்து வேறு ஃபீஸ் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

கோப்புக்கட்டு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அவர்கள் திருப்பி அனுப்பியிருக்கவே கூடாது. சான்று இல்லாத பிள்ளைக்கும் விண்ணப்பிக்க விதியில் இடம் இருக்கிறது, விதி 11இன் முதல் உட்பிரிவு. கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். என்ன நடந்தது என்று ஒரு சத்தியக்கூற்று எழுதிக் காவல் நிலையத்தில் முத்திரை வாங்குங்கள், அதற்குக் காசு கிடையாது. அதோடு பிள்ளையைத் தெரிந்த நம்பகமான ஒருவர் எழுதிய கூற்று, பள்ளிக்கூடக் கடிதம், கிளினிக் அட்டை, எது இருக்கிறதோ அது. மகளின் இறப்புச் சான்றை மறக்காதீர்கள். ஆயா பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறவர் என்பதற்கும் ஒரு கூற்று. விண்ணப்பித்த தேதியிலிருந்து பணம் கணக்காகும், அதனால் தேதி போட்ட ரசீது வாங்காமல் கவுன்டரைவிட்டு நகராதீர்கள். முடியாது என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பாதிப் பேருக்கு விதி ஞாபகம் வந்துவிடும்.

ஃபீஸ் விஷயம்: சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பள்ளிகள் பல கட்டணமில்லாப் பள்ளிப் பட்டியலில் வராது. வட்டாரம் வசதியானது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் வீட்டை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் குழந்தைப் பணம் வாங்குகிற பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் தானாகவே விலக்கு. சாசா கடிதத்தின் நகல் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். கெஞ்ச வேண்டாம்.

புதுவரவு (ஜொகன்னஸ்பர்க்)

அக்கா, இதை அப்படியே தனியாக எடுத்து மேலே பின் செய்து வைக்கலாமே?

கல்லாப்பெட்டி (பீனிக்ஸ்)

ஆடிக்கூழ் அம்மா, எந்த ஆபீஸ், என்றைக்குப் போகிறீர்கள்?

ஆடிக்கூழ் (சாட்ஸ்வொர்த்)

வியாழன் போகலாம் என்று நினைக்கிறேன். காவல் நிலைய வேலையை நாளைக்கே முடித்துவிடுவேன். ஆயாவுக்கு முட்டிவலி, டாக்சியில் ஏறி இறங்குவதுதான் பயமாக இருக்கிறது.

கல்லாப்பெட்டி (பீனிக்ஸ்)

வியாழன் காலை ஐந்தேகாலுக்கு என் பக்கி (சின்ன டிரக்) உங்கள் தெருமுனைக்கு வரும். சின்னவளையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். மனசு இன்னும் முழுசாக மாறவில்லை, சாருக்கும் அக்காவுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். கடைக்கு ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும், அதனால் இறக்கிவிட்டுப் போய், கூப்பிட்டால் மறுபடி வருவேன். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், வரிசை வெளியேதான் நிற்கும், ஆடிக்குளிர் அங்கே அப்படியே கொட்டும். ஆயாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி நான் கொண்டுவருகிறேன்.